இரண்டு பேர் காரில் மூன்றாம் ஆள்

எங்கள் தெருவுக்குப் பாண் ரொட்டி விற்க வரும் பாண்காரரின் சைக்கிளில் ஒரு பித்தளை ஊதுகுழல் இருக்கிறது. அதன் வாலில் மாம்பழம் அளவுக்கு ஒரு ரப்பர் பந்து. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்று அதை அமுக்குவார். பாப், பாப். தெருவில் எல்லாருக்கும் பசி வரும். எனக்கு மாமி வருவார்.

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. என் காரில் பக்கத்தில் இருந்து இதே மாதிரி ஒன்றை அமுக்கியவர். ஒரு அமுக்கு என்றால் மெதுவாகப் போ. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று அமுக்கினால், இந்த ஓட்டத்துக்கு நான் நடந்தே போயிருப்பேன் என்று அர்த்தம். உலகத்தில் இரண்டே பேர் பேசிய மொழி அது. திகனையிலிருந்து கண்டி வரைக்கும், திங்களும் வியாழனும், ஏழு கிழமை, அதாவது ஏழு வாரம், பேசினோம். பிறகு அந்த மொழி பேச ஆளில்லாமல் போயிற்று. பாண்காரர் மட்டும், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, காலையில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறார்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. கார் என்றதும் நீங்கள் நான்கு கதவும் கூரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது இரண்டே பேர் உட்காரும், பந்தயத்துக்குப் பண்ணியது போன்ற சின்னஞ்சிறு ஓட்டக் கார். முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் தோணி போலக் கூம்பிய வால், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் நாம். ஹுன்னஸ்கிரியத் தோட்டம் ஒன்றின் சின்னத்துரை சீமைக்குக் கப்பலேறும்போது என்னிடம் தள்ளிவிட்டுப் போனது. அப்போதே அதற்குப் பத்து வயது இருக்கும். சிவப்பு வெளுத்து, வெற்றிலை போட்டு நாளான உதடு மாதிரி இருந்தது. மேலே இழுத்து மூடுகிற சீலையைத் தோட்டத்துக் கொட்டகையில் எலி தின்றிருந்தது. கம்பி விலா எலும்புகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் மடிந்து கிடந்தன. ஊதுகுழலின் ரப்பர் பந்தை ஓட்டுகிறவர் பக்கம் வைக்காமல், பக்கத்தில் உட்காருகிறவர் கைக்கு எட்டும்படி மாற்றி வைத்திருந்தார் சின்னத்துரை. பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியுமாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதுவே என் அன்றாட வண்டி. கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு நான் ஊர் ஊராகப் போய் ஓடர் எடுக்கிற ஆள். ஒரு நாள் ஹேவாஹெட்ட, ஒரு நாள் ஹுன்னஸ்கிரிய, மற்ற நாட்களில் கடை. ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் கால் கூசுகிற பிறவி நான். அந்தக் காரும் அப்படித்தான். நிற்கும்போது நடுங்கும், ஓடும்போது பாடும். கடைத் துணிகளின் மாதிரித் துண்டுக் கட்டுகளை அதன் தோணி வாலுக்குள் திணித்து, தொப்பியைத் தாடையோடு கட்டிக்கொண்டு மலை ஏறுவேன். மழை வந்தால் நனைவேன். உள்ளே தண்ணீர் தேங்காமல் இருக்கத் தரையில் ஓர் ஓட்டை போட்டேன்; அந்த ஓட்டை வழியாக ரோடு என் காலடியில் ஆறு போல ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். தேயிலை மணம் மேலிருந்து வரும், சேறு கீழிருந்து வரும், முகத்தில் மேகம் மோதும். கூரை உள்ள கார்க்காரர்களைப் பார்த்து நான் உண்மையிலேயே பரிதாபப்பட்டேன். அவர்கள் என்னைப் பார்த்துப் பட்டது என்ன என்பதை ஒரு நாளும் விசாரிக்கவில்லை.

விசாரிக்காமலே சொன்னவர்கள் உண்டு. "நானா, கூரைய எந்த ஊர்ல மறந்து வெச்சிட்டு வந்தீங்க?" என்று கடைத்தெருவில் கேட்பார்கள். நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். என் மாமனாருக்குத் திகனைச் சந்தியில் பலசரக்குக் கடை. கல்யாணமாகி எங்கள் வழக்கப்படி நான் பெண் வீட்டுக்குக் குடிபோன அன்று, வாசலில் நின்ற காரை அவர் ஒரு முறை சுற்றி வந்தார்.

"இது காரில்ல மருமகன்," என்றார். "சக்கரம் வெச்ச சப்பாத்து. கால நொழச்சிட்டுப் போகலாம்."

அந்த வீட்டில் எனக்கு எல்லாரையும் தெரியும், மாமியைத் தவிர. எங்கள் பக்கத்து அந்நாள் வழக்கம் அது. மருமகன் இருக்கிற இடத்துக்கு மாமி வர மாட்டார்; முகம் காட்ட மாட்டார்; நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒன்றரை வருடத்தில் நான் பார்த்தது ஒரு முக்காட்டின் ஓரம், திரைக்குக் கீழே இரண்டு கால்விரல், பீங்கானை நீட்டி மறைந்த ஒரு வளையல் கை. ஆனால் குரல் நன்றாகத் தெரியும். திரைக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்திருக்கும் தன் மகளிடம் பேசுவார். எங்கள் வாயில் 'சொல்லு' என்பது 'செல்லு'.

"மகள், மாப்பிளக்கிச் செல்லு, இன்னம் கொஞ்சம் சோறு போட்டுக்கச் செல்லி."

"உம்மாக்கிச் செல்லு, வயிறு நெறஞ்சி போச்சி," என்பேன் நான், அதே மகளிடம்.

என் மனைவி இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் எல்லாம் கேட்டிருக்கும். அவள் சும்மா நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆனால் அவள் இல்லாமல் ஒரு சொல்லும் அசையாது.

அந்த மாமிக்குத்தான் கண் மங்கியது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் உள்கட்டில் கூடுவார்கள். மாமி அரபுத் தமிழ்க் கிதாபை விரித்து வைத்து வாசிப்பார். நபிமார் கதை, மாலைப் பாட்டு. அரபு எழுத்தில் தமிழ் நடக்கிற அந்தப் புத்தகத்தை அந்தத் தெருவில் அப்படி வாசிக்க வேறு ஆளில்லை. அறைக்கு வெளியே இருந்து நானும் கேட்பேன். தங்குதடை இல்லாத குரல். ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் மனைவி சொன்னாள்: "உம்மா வாசிக்கிறல்ல. மனப்பாடமாச் செல்லிட்டு ஈக்கிறாங்க. தாளைத் திருப்புறதெல்லாம் பிழையான எடத்துல."

எத்தனை மாதமாக அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. மனப்பாடம் இருக்கும் வரைக்கும் மறைத்திருக்கிறார். புதிதாக ஒரு கிதாபை யாரோ கொண்டுவந்து கொடுத்த அன்று, தலைவலி என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கண் வெட்டுகிற டாக்டர் மாதம் ஒரு தடவை கொழும்பிலிருந்து வருவார்; முதல் நாள் காலை பத்து மணி வரை பார்ப்பார், மறுநாள் வெட்டுவார். மாமனார் மாட்டு வண்டியில் திரை கட்டி, விடியுமுன் புறப்பட்டு, மாமியைக் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் கண்ணின் மூலையை விரலால் அமுக்கிப் பார்த்தாராம். உள்ளே சீழ் இருக்கிறது. அது முழுக்க ஆறாமல் கத்தி வைத்தால் கண்ணே போய்விடும். கிழமைக்கு இரண்டு முறை வந்து கழுவ வேண்டும். ஒரு தடவையும் தவறக் கூடாது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு வெட்டுவார். அதையும் விட்டால் வலக்கண்ணுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

கிழமைக்கு இரண்டு முறை மாட்டு வண்டி என்றால் கடையும் மாடும் இரண்டும் படுத்துவிடும். பஸ்ஸில் ஆண்கள் மடியில் ஆண்கள் இருப்பார்கள். நான் எப்படியும் கண்டிக்குப் போகிறேன். காரில் ஓர் இடம் இருக்கிறது. ஓர் இடம்தான் இருக்கிறது. மாமனார் ஏறினால் மாமிக்கு இடமில்லை. என் மனைவி ஏறினாலும் அப்படியே. மேலும் அவளுக்கு அப்போது நான்காம் மாதம். அந்தக் காரில் ஏற்றினால் ஐந்தாம் மாதம் வராது என்று மாமனார் சொல்லிவிட்டார்.

மாமனார் பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டார். லெப்பை தாடியைத் தடவிவிட்டு, "மார்க்கத்துல தடை இல்ல. மாமியும் மருமகனும் தாயும் மகனும் போல," என்றாராம்.

"அப்ப போகலாமா?"

"மார்க்கம் விடுது. வழக்கம் விடுமான்னு எனக்குத் தெரியா. வழக்கத்துக்கிட்டப் போய் நான் பத்வா கேக்க ஏலா."

கடைசியில் மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். மாட்டு வண்டித் திரையைக் கழற்றி, காரின் விலாக் கம்பிகளை நிமிர்த்தி, எனக்கும் மாமிக்கும் நடுவிலும் மாமியைச் சுற்றியும் கட்டினார். நீலத்தில் மஞ்சள் பூப் போட்ட சீத்தைத் துணி. ஓட்டக் காரின் ஒரு பாதி மணமகள் பல்லக்கு ஆயிற்று. மறு பாதியில் தொப்பி கட்டிய நான். புறப்படும்போது என் மனைவி வாசலில் நின்று சிரிப்பை முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

திரை மகாவலிப் பாலம் வரைக்கும் தாங்கியது. பாலத்தின் நடுவில் ஆற்றுக் காற்று கீழிருந்து வந்து அதை ஒரே தூக்காகத் தூக்கி என் தலையில் போட்டது. நான் மஞ்சள் பூக்களுக்குள் இருந்து காரை ஓட்டினேன். அப்போதுதான் என் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் முதல் முதலாக வந்தது. பாப், பாப். மாமி கையால் தடவி ரப்பர் பந்தைக் கண்டுபிடித்திருந்தார். நான் நிறுத்தினேன். முன்னால் ஒரு முழத் தூரத்தில் பாலத்தின் இரும்பு.

திரையைச் சுருட்டி வாலுக்குள் வைத்தேன். மாமி முக்காட்டை இழுத்துவிட்டு, இடது பக்கம் முழுக்கத் திரும்பி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். நான் வலது பக்கம் பார்த்தேன். ரோட்டை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமியின் குரல் வந்தது.

"மகள், மாப்பிளக்கிச் செல்லு, முன்னுக்குப் பாத்து ஓட்டச் செல்லி."

நான் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தேன். மகள் பல மைலுக்கு அப்பால் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஆனால் மாமி சொன்ன தோரணையில், இரண்டு இருக்கைக்கும் நடுவில், கியர்க் கம்பி நிற்கிற அந்த நான்கு அங்குல இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதாகவே எனக்கும் பட்டது.

"உம்மாக்கிச் செல்லு," என்றேன் கியர்க் கம்பியிடம், "முன்னுக்குத்தான் பாக்கிறேன்."

அன்று தொடங்கியது. நின்றால் மகள் வழியாகப் பேசுவோம். ஓடினால் இஞ்சின் இரைச்சலில் மகளுக்கே கேட்காது, ஆகவே ஊதுகுழல். மாமிக்கு முன்னால் வருவது எல்லாம் வெள்ளைப் புகை. புகைக்குள் அசைவது எல்லாவற்றுக்கும் அடிப்பார். மாட்டுக்கு அடிப்பார், மரத்துக்கு அடிப்பார், ஒரு முறை வாவிக்கரையில் தன் பாட்டில் நின்ற பொலிஸ்காரருக்கு மூன்று அடித்தார். பொலிஸ்காரர் பயந்து சலூட் போட்டார். கூரையில்லாத காரில் முக்காடிட்ட அம்மா, கையில் ஊதுகுழல். யாரோ பெரிய இடம் என்று நினைத்திருக்க வேண்டும்.

கடைத்தெருவுக்கு என் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. "நானா, ஓட்டுறது நீங்களா, மாமியா?" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவி வேறு. திங்களும் வியாழனும் பாய் விரிக்கும்போது கேட்பாள்: "இண்டைக்கி நான் என்னென்ன பேசின?"

"கொஞ்சந்தான். ஏத்தத்துல எனக்கி ஏசின."

"நல்லா ஏசினனா?"

"உம்மா மாதிரியே."

ஏழாம் கிழமை வியாழன். கொழும்பு டாக்டர் வருகிற நாள். சீழ் ஆறியிருந்தால் அடுத்த நாள் வெட்டு. பார்க்கத் தவறினால் இன்னொரு மாதம். வலக்கண்ணுக்கு அந்த மாதம் இல்லை. மாமி விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கே உடுத்து வாசலில் வந்து நின்றுவிட்டார். இரவெல்லாம் மழை. காரும் இரவெல்லாம் நனைந்திருந்தது. மனைவி உள்ளேயிருந்து என்னிடம் மெல்லச் சொன்னாள்: "உம்மா அந்தப் புதுக் கிதாபை எடுத்துத் தலகணிக்கிக் கீழ வெச்சிட்டுப் போறாங்க."

ஆற்றுக்கு இறங்குகிற மேட்டின் உச்சியில், கட்டை வண்டி ஒன்றுக்கு ஒதுங்கி நின்றபோது இஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது.

இறக்கத்தில் உருட்டிவிட்டே கிளப்பியிருக்கலாம். ஆனால் உருட்டிக் கிளப்புவது கிழட்டுக் கார்க்காரர்களின் வேலை என்று எனக்கு ஓர் எண்ணம். மாதிரித் துணித் துண்டு ஒன்றை எடுத்து ஈரம் துடைத்தேன். இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காரின் ஸ்டியரிங் நடுவில் இரண்டு சின்னக் கம்பிகள் இருந்தன. மேல் கம்பி பெட்ரோலுக்கு. கீழ்க் கம்பி, தீப்பொறி முந்தி விழ வேண்டுமா பிந்தி விழ வேண்டுமா என்பதற்கு. ஹேண்டில் சுற்றும்போது கீழ்க் கம்பி கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் தீப்பொறி முந்தி, ஹேண்டில் திரும்பி உதைக்கும், கழுதை தோற்கும். அந்தக் கம்பி தேய்ந்து தானாகவே மேலே நழுவுகிற ஒன்று. நான் அதை எப்போதும் புடவைக் கரைக் கிழிசலால் கட்டிவைப்பேன். அன்று மழையில் அந்தக் கிழிசல் இற்றுப் போயிருந்தது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

காருக்கு முன்னால் நின்றால் கண்ணாடிக்கு அப்பால் மாமி எனக்கு நேர் எதிரே. ஆகவே நான் முகத்தை முழுக்கத் திருப்பி, தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு, இல்லாத மனைவிக்குச் சொன்னேன்:

"உம்மாக்கிச் செல்லு, ஸ்டியரிங்ல கீழ்க் கம்பியக் கீழுக்கு இழுத்துப் பிடிச்சிக்கச் செல்லி."

"மகள், பிடிச்சிட்டன் எண்டு செல்லு," என்றது குரல்.

ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. மரியாதை. மாமியும் என்னைப் பார்க்காமல் இருக்க முகத்தை வேறு பக்கம் திருப்பி, புகைக்குள் கையைவிட்டு, அகப்பட்ட கம்பியைப் பிடித்திருக்கிறார். அவரும் மரியாதை. பிடித்தது மேல் கம்பியை.

நான் சுற்றினேன். ஹேண்டில் திரும்பியது. என் வலது மணிக்கட்டில் விறகு முறிகிற சத்தம் கேட்டது.

நான் போட்ட சத்தம் ஹுன்னஸ்கிரியவுக்கே கேட்டிருக்கும். நனைந்த ரோட்டில் குந்திவிட்டேன். மாமி காரைவிட்டு இறங்கி, காரின் மூக்கைத் தடவித் தடவி, என் பக்கம் வந்து நின்றார். முக்காடு நழுவியிருந்தது. தன் மகளை அவர் கூப்பிடவில்லை.

"எந்தக் கை?" என்றார்.

"வலக் கை."

"கால் நல்லமா?"

"நல்லம்."

"அப்ப எழும்புங்க மகன். டாக்டர் பத்து மணிக்குப் போயிடுவார்."

ஒன்றரை வருடத்தில் எனக்கு நேராகச் சொல்லப்பட்ட முதல் முழு வாசகம். அதில் ஆறுதல் என்று ஒன்றும் இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

ஏறி உட்கார்ந்தோம். இடது கை ஸ்டியரிங்குக்கு வேண்டும். கியர் போட எனக்குக் கை மிச்சமில்லை.

"மாமி," என்றேன். அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொன்னதும் வெட்கத்தில் வலி கொஞ்சம் குறைந்தது. "நடுவுல ஒரு தடிக் கம்பி ஈக்கி. அதப் பிடிங்க. நான் செல்லும்போது ஒங்கட பக்கம் சாச்சி, பின்னுக்கு இழுங்க."

"மகள் இருக்கிற எடத்திலயா?"

"அதே எடம்தான்."

பிரேக்கை விட்டேன். கார் உருண்டது. இறக்கம் வேகம் கொடுத்தது. காற்று முக்காட்டைக் கொடி ஆக்கியது. கீழே பாலம், பாலத்தின் வாயில் கட்டை வண்டி.

"இழுங்க மாமி!"

"வருதில்ல!"

"இன்னம் சாச்சி! சாச்சி!"

கறக் என்று விழுந்தது. நான் கிளட்ச்சை விட்டேன். இஞ்சின் ஒரு துள்ளல் துள்ளிப் பாடத் தொடங்கியது. மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே மறு கையால் ஊதுகுழலை அடித்தார். கட்டை வண்டிக்காரர் மாட்டை மதகோடு ஒதுக்கிவிட்டு எழுந்து நின்று பார்த்தார். பாலம் தாண்டி ஏற்றத்தில் "தள்ளுங்க", "இழுங்க", "ஐயோ அதில்ல", "அப்ப எத?" என்று கத்திக்கொண்டே ஏறினோம். கண்டியில் நாங்கள் நுழைந்தபோது மாமி நான் சொல்லுமுன்பே இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கியரில் கை வைக்கத் தொடங்கிவிட்டார். கண் தெரியாத ஒருவருக்குக் காது எவ்வளவு தூரம் போகும் என்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் காதை விட அவர் காதைத்தான் அந்தக் கார் விரும்பியது என்றும் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர் யாழ்ப்பாணத்து மனிதர். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணுக்கு வந்தனீங்களோ, கைக்கு வந்தனீங்களோ?"

"மொதல்ல கண்," என்றார் மாமி. "கை எங்கயும் போகாது."

"ஓம், ஓம். டாக்குத்தர் வெளிக்கிடப் போறார், கெதியா வாங்கோ."

டாக்டர் கண்ணின் மூலையை அமுக்கினார். விரலைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். நான் மறு அறையில் கையை மரப்பலகையில் நீட்டிக்கொண்டு, வலி எது, காத்திருப்பது எது என்று பிரிக்க முடியாமல் இருந்தேன். யாழ்ப்பாணத்தார் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "காய்ஞ்சிட்டுதாம். நாளைக்கு வெட்டு."

வெட்டி, இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, தலையை அசைக்காமல் பல நாள் படுக்க வைத்தார்கள். அசைக்காத தலையோடு, மாமி பெண்கள் வார்டு முழுக்க அந்தக் கியர்க் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். பார்க்கப் போன மாமனார் அதைக் கேட்டுவிட்டு வந்து, என் கட்டுப் போட்ட கையைப் பார்த்து நின்றார்.

"முப்பது வருஷம் நான் மாட்டுக் கயிறக்கூட அவட கையில குடுத்ததில்ல," என்றார். "நீங்க கியரக் குடுத்திட்டீங்க."

அன்றிரவு மனைவிக்குக் கோபம் மாதிரி ஒன்று. "அந்த வியாழக்கிழம நான் வரவே இல்லையாமே. என்னக் கேக்காம எப்படிப் பேசின நீங்க ரெண்டு பேரும்?"

மாமியின் கண் கட்டை அவிழ்த்தார்கள். போத்தல் அடி போலக் கனத்த கண்ணாடி கொடுத்தார்கள். மாமி வீட்டுக்கு வந்த மறு வெள்ளிக்கிழமை, உள்கட்டில் பெண்கள் நிறைந்தார்கள். தலையணைக்குக் கீழே இருந்த புதுக் கிதாப் வெளியே வந்தது. நான் அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். பழைய குரல் இல்லை. எழுத்தெழுத்தாக, முட்டி, நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்து ஏறுகிற குரல். ஏற்றத்தில் எங்கள் கார் ஏறியது போல. ஆனால் தாள் திரும்புகிற சத்தம் சரியான இடத்தில் கேட்டது.

"ராத்தா, கண் தெரியாதப்பதான் நல்லா வாசிச்சீங்க," என்றது ஒரு குரல். சிரிப்பு. எல்லாச் சிரிப்புக்கும் மேலே மாமியின் சிரிப்பு. அதற்கு முன் நான் அதைக் கேட்டதே இல்லை.

வழக்கம் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுத் திரை அதே இடத்தில் தொங்கியது. நானும் கேட்கவில்லை, மாமியும் விடவில்லை. பத்து மைல் ரோட்டில் நடந்தது ரோட்டோடு. சோற்றுக்கு மகள் வழியாகவே மறுபடி உபசாரம். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இப்போது இரண்டு கனத்த கண்ணாடி வட்டங்கள் இருக்கின்றன, நான் மீன் முள்ளை ஒதுக்குவதைக்கூட அவை பார்க்கின்றன என்று எனக்குத் தெரியும். "மாப்பிளக்கிச் செல்லு, அந்தப் பக்கத்துத் துண்டுல முள் இல்ல."

பிள்ளை பிறந்தது. மூன்றாம் ஆள் நிஜமாகவே வந்துவிட்டார். கூரையில்லாத, இரண்டே பேருக்கான காரில் பிள்ளையை எங்கே வைப்பது? என் கையும் கொஞ்சம் கோணலாகவே கூடியிருந்தது. மழை நாளில் ஹேண்டிலைப் பார்த்தாலே மணிக்கட்டு பேசும். ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவர் காரைக் கேட்டார். "குடுத்துருங்க, நான் நல்லா வச்சுப் பாத்துக்குறேன்," என்றார். மனமில்லாமல் சரி என்றேன். நானே ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

அன்று காலை கீழ்க் கம்பியைப் புதுப் புடவைக் கரையால் கட்டினேன். தரையில் போட்ட ஓட்டையைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தேன். மாமனார் கடைக்குப் போயிருந்தார். மனைவி பிள்ளையோடு உள்ளறையில் நல்ல தூக்கம். இரவெல்லாம் பிள்ளை விடவில்லை. இஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. போகிற நாளில்தான் இவை இப்படி நல்ல பிள்ளையாக இருக்கும்.

ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. அதன் தோலில் ஒரு பள்ளம். ரப்பர் பந்து தனியாகத் தொங்கியது.

வாசல் திரை அசைந்தது. அதன் ஓரத்தில் இரண்டு கண்ணாடி வட்டங்கள் மின்னின. அவை என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, ரோடு சந்திப் பக்கம் திரும்புகிற வளைவைப் பார்த்தன. நானும் பார்த்தேன். எனக்கு ரோடுதான் தெரிந்தது.

உள்ளறையில் தூங்குகிற மகளுக்கு, மாமி திரைக்குள்ளிருந்து உரக்கச் சொன்னார்:

"மகள், மாப்பிளக்கிச் செல்லு, அந்த வளைவுல ஒரு ஆடு படுத்து ஈக்கி. கறுப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ள. ரெண்டு தரம் அடிச்சிட்டுப் போகச் செல்லு."